பொன்னுருவி பார்த்த பேரி லிண்டன்

முதல் காட்சியிலேயே கதாநாயகனின் அப்பா செத்துப்போகிறார். பின்னால் மலையும் மேகமும் கிடக்க, கற்சுவருக்கு அப்பால் பொடிப்பொடியாக நாலைந்து உருவங்கள். துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவர் விழுகிறார். பெரிய வக்கீலாக வந்திருக்க வேண்டிய மனிதர், குதிரை வாங்கிய தகராறில் இப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பின்னணிக் குரல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த சேதிக்குப் போய்விடுகிறது. செத்தவரின் முகத்தைக்கூட நமக்குக் காட்டவில்லை. ஸ்டான்லி குப்ரிக் 1975இல் எடுத்த ‘பேரி லிண்டன்’ இப்படித்தான் ஆரம்பிக்கும்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை ஒன்றில், 2000களின் நடுவில். பர்மா பஜாரில் டிவிடி தேடி அலைந்த கூட்டத்தில் நானும் ஒருவன். கடைக்காரரிடம் ‘ஷைனிங்’ கேட்டேன். “அது தீந்துபோச்சு சார். அதே டைரக்டரு எடுத்த ராஜா ராணிப் படம் ஒண்ணு கீது” என்று இதை என் தலையில் கட்டிவிட்டார். அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் திரையில் மெழுகுவத்திக் காட்சிகள் எல்லாம் சேற்று நிறத்தில் குழம்பித் தெரிந்தன. மூன்று மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிற படம். ஆனாலும் எழுந்து போகவில்லை. என்னை உட்கார வைத்தது அந்தப் பின்னணிக் குரல்தான். மைக்கேல் ஹார்டர்ன் என்ற நடிகருடையது. யாரையும் திட்டாது, யாருக்காகவும் கண் கலங்காது, நடக்கப்போவதை மட்டும் முன்கூட்டியே போட்டு உடைத்துவிடும்.

ரெட்மண்ட் பேரி அயர்லாந்துக்காரன். சொத்து கரைந்து வீறாப்பு மட்டும் மிச்சமிருக்கும் குடும்பம். மாமன் மகள் நோராமேல் ஆசை. அவளைக் கட்டிக்கொள்ள வசதிபடைத்த ஆங்கிலேய கேப்டன் ஒருவன் வருகிறான். பையன் அவனைச் சண்டைக்கு இழுத்துச் சுட்டுவிடுகிறான். கொலைப்பழிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுகிறான். துப்பாக்கியில் குண்டே இல்லை, வெறும் பஞ்சுத் திரியை அடைத்து வீட்டார் நடத்திய நாடகம் அது என்பது அவனுக்குத் தெரியவருவதற்குள் அவன் ராணுவத்தில் சேர்ந்தாகிவிட்டது. வழியில் கொள்ளையன் ஒருவன், மிகுந்த மரியாதையோடு, அம்மா கொடுத்தனுப்பிய பணத்தையும் குதிரையையும் பறித்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு பேரி யாரிடமும் ஏமாறுவதில்லை என்று முடிவெடுத்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. அடுத்தடுத்து அவன் செய்கிற காரியங்களைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கும் அதிகாரி ஒருவனின் உடுப்பையும் குதிரையையும் கிளப்பிக்கொண்டு ஓடுகிறான். மாட்டிக்கொண்டு பிரஷ்யப் படையில் நீலச்சட்டை போடுகிறான். அங்கிருந்து சீட்டாட்டக்காரன் ஒருவனின் வேடத்தில் எல்லை தாண்டுகிறான். கடைசியில் லிண்டன் சீமாட்டியைக் கல்யாணம் செய்து அவள் குடும்பப் பெயரையே தன் பெயராக்கிக்கொள்கிறான். பேரியாக நடித்த ரயன் ஓ’நீலுக்கு முகத்தில் ஒன்றும் ஓடவில்லை, மரக்கட்டை என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அடுத்தவன் உடுப்புக்குள் நிற்பவன் முகத்தில் என்னத்தைக் காட்டுவான்? சட்டை மாறும்போதெல்லாம் நிற்கிற நிலை மாறுகிறது. மூஞ்சி பழைய மூஞ்சிதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். பேரி போடுகிற சண்டை ஏழாண்டுப் போர், 1756 முதல் 1763 வரை நடந்தது. அதே போரின் ஒரு துண்டுதான் 1760 சனவரி 22இல் எங்கள் ஊரில் நடந்த வந்தவாசிப் போர். ஆங்கிலேயர் பக்கம் ஐர் கூட், பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறோம். கூட் அயர்லாந்தின் லிமெரிக் பக்கத்துக்காரர் என்பதையும், லாலியின் அப்பா நாடிழந்து பிரெஞ்சு ராஜாவிடம் சேவகத்துக்குப் போன அயர்லாந்துக்காரர் என்பதையும் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. லாலியின் பெயரில் இருந்த படைப்பிரிவிலும் அயர்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். ஆக, ஆடு மேயும் எங்கள் கோட்டைக்கு வெளியே, இரண்டு ராஜாக்களிடம் கூலி வாங்கிய ஒரே நாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டிருக்கிறார்கள். தோற்றுப்போன லாலியை 1766இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள்.

இது தெரிந்த பிறகு படத்தின் ஒரு காட்சி எனக்கு முற்றிலும் வேறாகிவிட்டது. பிரஷ்யப் போலீஸ் பேரியை ஒரு சீட்டாட்டக்காரரின் வீட்டில் வேலையாளாகச் சேர்த்து உளவு பார்க்கச் சொல்கிறது. ஷெவாலியே என்ற பட்டத்தோடு திரியும் அவரும் நாட்டைப் பிரிந்த அயர்லாந்துக்காரர்தான். பாட்ரிக் மகீ நடித்தது. ஒரு கண்ணில் கறுப்புத் துணி, முகம் முழுக்கப் பவுடர், இரண்டு கன்னத்திலும் சாயம். பேரி சிபாரிசுக் கடிதத்தை நீட்டுகிறான், அவர் படிக்கிறார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும் பேரி திடீரென்று உடைந்து அழுகிறான். நான் உளவாளி, உங்களைக் காட்டிக்கொடுக்க அனுப்பியிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். அந்தக் கோமாளி ஒப்பனைக்குள்ளிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்து பையனைக் கட்டிக்கொள்கிறார். பொய்யும் புரட்டுமாகவே மேலேறும் பேரிக்கு உண்மை சொல்லி லாபம் கிடைத்த இடம் படத்திலேயே இது ஒன்றுதான். மற்ற இடங்களில் அவன் நேர்மையாக இருக்கும்போதெல்லாம் அடி விழுகிறது.

பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் பெரிய திரையில் பார்த்தபோதுதான் மெழுகுவத்திகளை உள்ளபடி பார்த்தேன். நிலாவுக்குப் போன நாசாவுக்காக ஸைஸ் கம்பெனி செய்த லென்ஸ்கள் பத்தில் மூன்றை குப்ரிக் வாங்கினார், f/0.7, மனிதக் கண்ணுக்கே சிரமமான வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். அது பொருந்துவதற்காகக் கேமராவையே அறுத்து மாற்றினார்கள். படம் முழுக்க மின்விளக்கே இல்லை என்று சினிமா ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது கட்டுக்கதை. பகல் அறைகளில் சன்னலுக்கு வெளியே பெரிய விளக்குகளை நிறுத்தி, கண்ணாடியில் மெல்லிய தாள் ஒட்டி வெளிச்சத்தை வடிகட்டினார் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட். மெழுகுவத்தி மட்டும் மெய்யான மெழுகுவத்தி. அந்த லென்ஸில் சில அங்குலம் முன்னே பின்னே போனாலும் முகம் கலங்கிவிடும் என்பதால் நடிகர்கள் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயமே சீட்டாட்டக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது. லிண்டன் சீமாட்டியாக மரீஸா பெரென்ஸன் மேசைக்கு இந்தப் பக்கம். பேரி அந்தப் பக்கம். மஞ்சள் வெளிச்சம் தாடையில் நடுங்குகிறது. கண்கள் மட்டும்தான் நகர்கின்றன. அவள் காற்று வாங்க வெளியே போகிறாள். அவன் பின்னால் போகிறான். மாடத்தில் நீல நிலவொளி, ஷூபர்ட்டின் பியானோ. ஒரு வார்த்தை பேசாமல் கைகளைப் பிடித்துக்கொண்டு முத்தமிடுகிறார்கள். அந்த இசை 1827இல் எழுதப்பட்டது, கதை நடக்கும் காலத்துக்கு அரை நூற்றாண்டு தள்ளி. பொத்தானைக்கூட அந்தக் கால ஓவியங்களைப் பார்த்துத் தைக்கவைத்த மனிதர் இதில் மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. நல்லவேளை.

ஒளிப்பதிவு, கலை, உடை, இசைத் தழுவல் என்று நான்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். அமெரிக்காவில் எதிர்பார்த்த வசூல் வரவில்லை.

கல்யாணம் ஆன கையோடு வண்டியில் போகிறார்கள். பேரி சுங்கான் புகைக்கிறான். கொஞ்ச நேரம் நிறுத்தக்கூடாதா என்று அவள் மெல்லக் கேட்கிறாள். அவன் அவள் முகத்திலேயே புகையை ஊதி, பிறகு முத்தம் கொடுக்கிறான். அவ்வளவுதான் காட்சி. அந்த வீட்டில் அடுத்து நடக்கப்போவது எல்லாம் அந்த ஒரு ஊதலில் இருக்கிறது. அவளுடைய பணத்தில் கூத்தடிக்கிறான். முதல் கணவருக்குப் பிறந்த பையன் புல்லிங்டனைப் பிரம்பால் விளாசுகிறான். தனக்கென்று ஒரு பிரபு பட்டம் வேண்டும் என்று விருந்து, லஞ்சம், ஓவியம் என்று வாரி இறைக்கிறான். அமெரிக்காவில் கலகக்காரர்களோடு சண்டை போடப் படை திரட்டி அனுப்பியும், ராஜா கொடுக்கிறது ஒரு கிண்டல் வார்த்தைதான். மதராஸில் கம்பெனி குமாஸ்தாவாக வந்து இறங்கி, வங்காளத்தையே சுருட்டிக்கொண்டு போன ராபர்ட் கிளைவுக்கே 1762இல் கிடைத்தது அயர்லாந்துப் பிரபு பட்டம்தான். அதை வைத்துக்கொண்டு லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. பேரி எந்த மூலைக்கு?

சித்தப்பாவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியது ஒரு ஐப்பசி மழையில். எங்கள் பக்கத்தில் தையில் தொடங்கி ஆடி, ஆவணி வரை கூத்து இருக்கும். மழைக்காலத்தில் ஜமா முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கும். சித்தப்பா அந்த ஜமாவில் பெண் வேஷம் கட்டியவர். ‘கர்ண மோட்சம்’ போட்டால் கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவி அவர்தான். முட்டி தேய்ந்துபோனதால் ஆட்டத்தை விட்டு, பின்பாட்டுக்கு வந்துவிட்டார். ஆங்கிலம் தெரியாது. லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து, அந்தப் பின்னணிக் குரலை நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதல் அரைமணி நேரத்தில் அவர் கவனித்தது ஒப்பனையை. “முத்துவெள்ளை நம்மளவிட அதிகமா பூசிக்கினு கீறானுங்களே. இவனுங்கல்லாம் ஆம்பளைங்கதானா?” ஆம்பளைங்கதான், பெரிய பெரிய பிரபுக்கள் என்றேன். புருவம் மழித்திருந்ததற்காகப் பேருந்து நிலையத்தில் கேலிபட்ட மனிதர். ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு குரலுக்கு வந்தார். பேரிக்கு லிண்டன் சீமாட்டியிடம் ஒரு மகன் பிறக்கிறான், பிரயன். அவன் குதிரை ஏறுவதற்கும் வாள் பழகுவதற்கும் அப்பன் கூடவே திரிகிறான். அந்த நேரம் பார்த்துக் குரல் சொல்கிறது, இவன் கடைசியில் ஏழையாய், தனியாய், பிள்ளையில்லாமல் சாவான் என்று. “இன்னாடா இவன், முன்னாடியே சொல்லிட்றான்?” என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “நம்ம ஆட்டத்துலயும் அப்பிடித்தானே” என்றார். பதினெட்டாம் போர் அன்றைக்குத் துரியோதனன் தொடை உடையும் என்று தெரியாதவர் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். அவன் செய்த அக்கிரமத்தைக் கட்டியக்காரன் சொல்லிச் சிரிக்கவைப்பான். அதே கூட்டம் காலையில் படுகளத்து மண்பொம்மைக்கு முன்னால் மாரடித்து அழும். அவன் நல்லவன் என்று யாரும் அப்போது சொல்வதில்லை. இந்தப் படத்தை எப்படிச் சகித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று மேன்ஷனில் கேட்டவர்களுக்கு நான் சொல்லத் தெரியாமல் முழித்த பதிலை சித்தப்பா திண்ணையில் போகிற போக்கில் சொல்லிவிட்டார். பிரயன் குதிரையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறான். பலமுறை சொன்ன கோட்டைச் சண்டைக் கதையைத் திரும்பவும் சொல் என்கிறான். பேரி பாதிக் கதையில் உடைந்துபோகிறான். சட்டென்று அடுத்த காட்சி: பிறந்தநாளில் பையன் உட்கார்ந்து வந்த அதே சின்ன ஆட்டு வண்டியில் வெள்ளைச் சவப்பெட்டி. சித்தப்பா லேப்டாப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு மழையில் முற்றத்துப் பக்கம் போய் நின்றார்.

பேரியைக் கர்ணனோடு ஒப்பிட்டால் எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள். கர்ணன் கொடுத்தே கெட்டவன். இவன் அடுத்தவள் பணத்தைத் தின்றவன். ஆனால் ஒரு முறை இவனும் கொடுக்கிறான். வளர்ந்து வந்த புல்லிங்டன் பழைய களஞ்சியம் ஒன்றில் பேரியைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்கிறான். மேலே புறாக்கள் சிறகடித்துக்கொண்டிருக்க, ஹாண்டலின் சரபாந்து இசையின் தாளம் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது. காசு சுண்டியதில் புல்லிங்டனுக்கு முதல் வாய்ப்பு. கை நடுங்கி, குறிவைக்கும் முன்பே அவன் துப்பாக்கி வெடித்துவிடுகிறது. இனி பேரியின் முறை. பையன் மூலைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து நிற்கிறான். பேரி அவனைப் பார்க்கிறான், தரையை நோக்கிச் சுடுகிறான். இத்தோடு திருப்தியா என்று நடுவர் கேட்கிறார். இல்லை என்கிறான் புல்லிங்டன். அடுத்த குண்டில் பேரியின் கால் போகிறது. படத்துக்கு மூலமான தாக்கரேயின் நாவலில் இந்தச் சண்டை கிடையாது. குப்ரிக் தானாகச் சேர்த்தது. படம் முழுக்கத் தன்னலமாக நடந்தவன் ஒரு பிள்ளைக்கு உயிர்ப்பிச்சை போடுகிறான், அதற்கான விலையைக் காலாகக் கட்டுகிறான். அவனை மன்னித்துவிடு என்று படம் அப்போதும் நம்மிடம் கேட்பதில்லை. ஒற்றைக்காலோடு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் வண்டியில் ஏறும்போது படம் அப்படியே உறைந்து, அவன் கதை முடிகிறது.

கடைசிக் காட்சியில் லிண்டன் சீமாட்டி மேசை முன் கணக்குப் பத்திரங்களில் கையெழுத்திடுகிறாள். வருஷத்துக்கு 500 கினி பேரிக்குக் கொடுக்க ஒப்பந்தம். இங்கிலாந்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவன் பெயர் எழுதிய தாள் வரும்போது ஒரு கணம் பேனா நிற்கிறது. தேதி 1789 டிசம்பர். பிரெஞ்சுப் பிரபுக்களின் காலம் கவிழ்ந்த வருஷம். எனக்கு அந்த ஒரு கணமே போதும். அவள் மனசில் இருந்த எல்லாம் அதற்குள் வந்துவிட்டது.

சித்தப்பாவுக்குப் போதவில்லை. “பொம்பள வேஷத்துக்குப் பாட்டே இல்லியேடா” என்றார். “அடிக்கிறான், துட்ட கரைக்கிறான், மூஞ்சில பொகைய ஊதறான். ஒரு வார்த்த கேக்கமாட்டாளா?” ‘கர்ண மோட்ச’த்தில் பொன்னுருவி, தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று புருஷன் பிறப்பைக் குத்திக்காட்டுகிறவள். இருவருக்கும் நடக்கிற தர்க்கம்தான் அந்த ஆட்டத்தின் உயிர். அவள் பேசுவது நியாயமா என்பது வேறு. பேசுவாள்.

அவர் சொன்னது என்னை விடவில்லை, தேடிப் படித்தேன். கல்கத்தாவில் 1811இல் கம்பெனி அதிகாரிக்கு மகனாகப் பிறந்து, இளமையில் சீட்டாட்டத்தில் பணத்தைக் கோட்டைவிட்டவர் தாக்கரே. 1844இல் பத்திரிகையில் தொடராக எழுதிய இந்தக் கதைக்கு ஆண்ட்ரூ ஸ்டோனி என்ற நிஜ அயர்லாந்துக்காரனைப் பிடித்தார். ஸ்ட்ராத்மோர் சீமாட்டி மேரி எலினார் போஸ் பெரும் சொத்துக்காரி, படித்தவள், தாவரவியலில் ஈடுபாடு உள்ளவள். அவளுக்காகச் சண்டையிட்டுக் குண்டடி பட்டுச் சாகக் கிடப்பதாக 1777இல் ஸ்டோனி ஒரு நாடகம் போட்டான். சாகப்போகிறவன்தானே என்று இரங்கி அவள் கல்யாணத்துக்குச் சம்மதிக்க, கட்டிலோடு தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தார்கள். தாலி கட்டியவுடன் பிழைத்துக்கொண்டான். அவள் குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டான். பிறகு அடி, உதை, பூட்டி வைத்தல். அவள் தப்பி ஓடி விவாகரத்து கேட்டாள். ஆள் வைத்துக் கடத்தினான். மீட்கப்பட்டு வந்து மறுபடி வழக்காடி, 1789இல் ஜெயித்தாள். இரண்டாம் எலிசபெத் ராணியின் தாயார் அவள் வம்சத்தில் வந்தவர்.

போனில் இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

“அந்தம்மா கோர்ட்டுல இன்னா பேசுச்சாம்?”

“வக்கீல்தான் பேசியிருப்பாரு சித்தப்பா.”

“வக்கீலு கெடக்கறான். நீ எழுதிக் குடு, அந்தம்மா பேசட்டும். முட்டி இன்னா முட்டி, ஒக்காந்துக்கினே பாட்றேன். ஆனா அந்த ஸ்டோனி வேஷத்துக்கு மட்டும் நல்ல தொண்ட கீறவனா பாரு. ராவெல்லாம் எனக்குப் பதில் சொல்லணும்.”